ஓ.ஆர்.எஸ். கரைசல்: தண்ணீரின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொடியைத் தண்ணீரில் கலந்து அடிக்கடி கொடுக்க வேண்டும் என்று சொன்ன கட்டுரையாளர், எந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்லவில்லை. இந்தக் கரைசல் வேலை செய்வதே அந்த அளவினால்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான ஈரடுக்குச் சவ்வு சூழ்ந்துள்ளது. ஆக்சிஜன், கரியமில வாயு போன்றவை செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு இச்சவ்வின் ஊடே தாமாகவே பரவிவிடும். மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனியாலும், நீரில் எளிதில் கரையும் குளுக்கோசாலும் அப்படிக் கொழுப்பைக் கடந்து போக முடியாது. சவ்வில் பதிந்துள்ள புரதங்கள்தான் அவற்றை உள்ளே கொண்டு செல்ல வேண்டும். குடற்செல்லில் இருக்கும் அத்தகைய புரதம் ஒன்று, இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே விடுகிறது. செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்பு, ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிச் செல்லுக்குள் அதன் செறிவைக் குறைவாகவே வைத்திருப்பதால், குடலில் உள்ள சோடியம் குளுக்கோசையும் உடன் அழைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. குளுக்கோஸ் பிறகு வேறொரு புரதத்தின் வழியாக, செறிவுச் சரிவிலேயே, இரத்தத்தை நோக்கிப் பரவுகிறது. இவை இரண்டும் சென்ற திசையில் தண்ணீரும் சவ்வூடு பரவலால், அதாவது செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் சவ்வைக் கடந்து நகர்வதால், பின்தொடர்கிறது. சோடியமும் குளுக்கோசும் இப்படி இணைந்தே செல்வதை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகாவில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார்.

காலரா நச்சு குடற்செல்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனாலும் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்வாங்கும் இந்த வழியை அது அடைப்பதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே, சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்க முடிந்தது இதனால்தான். அவரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமலிருப்பது எனக்கு என்றுமே வருத்தம் தருவது.

அளவு தவறினால் இதே சவ்வூடு பரவல் நேர் எதிராக வேலை செய்யும். சர்க்கரைப் பாகில் போட்ட திராட்சை சுருங்குவதை வகுப்பில் காட்டுகிறோம் அல்லவா, குடலுக்கும் அதே விதிதான். கரைசலின் செறிவு இரத்தத்தின் செறிவை மிஞ்சினால், நீர் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கூடும். இதை எண்ணியே உலக சுகாதார நிறுவனம் 2002இல் கரைசலின் மொத்தச் செறிவை லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து (கரைந்துள்ள துகள்களின் மொத்த அளவைக் குறிக்கும் அலகு) 245 ஆகக் குறைத்தது. இன்றைய கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும், அவற்றுடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உள்ளன. கோலா பானங்களிலோ லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது, சோடியம் மிகச் சொற்பம். பிள்ளை விரும்பிக் குடிக்கிறது என்று வயிற்றுப்போக்கின்போது அவற்றைக் கொடுப்பது தண்ணீரை மேலும் இழக்கச் செய்வதாகும்.

வீடுகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தம்ளர் தண்ணீரில் குத்துமதிப்பாக இரண்டு தேக்கரண்டி போட்டுக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைப்பவர்கள் பலர். சுவைக்காகப் பழச்சாற்றில் கலப்பவர்களும், மேலும் சர்க்கரை சேர்ப்பவர்களும் உண்டு. கடைகளில் 200 மில்லி தண்ணீருக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால் குழப்பம் கூடுகிறது.

ஆகவே இனி இந்தக் கரைசலைப் பற்றி எழுதும்போதெல்லாம், பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரை, காய்ச்சி ஆறவைத்து, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும் என்பதையும், கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும் என்பதையும் அதே கட்டத்தில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்.