ஒரு டோஸில் மிச்சமாவதை அம்மாக்களுக்குக் கொடுங்கள்

சுகாதாரத் திட்டங்களை வகுத்து நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போதாத பணம், போதாத ஆட்கள், அடிக்கடி மின்சாரம் போய்விடும் சுகாதார நிலையங்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. "முதலில் சிறுமிகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போட்டு முடிப்போம், பெண்களுக்கான பரிசோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பட்ஜெட் கூட்டங்களில் பேச்சு எழுகிறது. அப்படித் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தடுப்பூசியின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழு பங்கு, ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் 16, 18 என்ற இரண்டே வகைகளால் வருகிறது. தடுப்பூசி அந்த இரண்டையும் தடுக்கிறது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பணக்கார நாடு என்பதால்தான் முடிந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ருவாண்டா 2011இல் பள்ளிகள் வழியாக இந்த ஊசியைப் போடத் தொடங்கி, பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் எட்டியது. பள்ளிக்கு வராத சிறுமிகளைத் தேடிப் போக அங்கே சமூக சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள்.

இப்போது நிலைமை இன்னும் சாதகமாகியிருக்கிறது. இந்தியாவில் நடந்துகொண்டிருந்த ஒரு தடுப்பூசி ஆய்வு 2010இல் பாதியில் நிறுத்தப்பட்டதால், ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அந்த ஒரு டோஸே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் இரண்டு, மூன்று டோஸ்களுக்கு ஈடாக நின்றது. கென்யாவில் நடந்த ஆய்வும் ஒரு டோஸ் போதும் என்ற பக்கமே சாய்ந்தது. 9 முதல் 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரு டோஸ் திட்டத்தையும் பின்பற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. இரண்டு டோஸ் திட்டத்திலிருந்து மாறும் இடங்களில் ஒரு டோஸின் விலையும், இரண்டாம் முறை பள்ளிக்குப் போய்வரும் செலவும், செவிலியர்களின் நேரமும் மிச்சமாகின்றன. அந்த மிச்சம் எங்கே போகப்போகிறது என்பதே என் கவலை.

இன்று 12 வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு அதன் முழுப் பலன் அவள் முப்பதையும் நாற்பதையும் தொடும்போதுதான் தெரியும். அவளைக் கூட்டிவரும் அம்மா ஏற்கனவே அந்த வயதில் இருக்கிறார். அவருடைய இளமையில் இந்த ஊசி இல்லை, இப்போது போட்டாலும் ஏற்கனவே உள்ள தொற்றை அது குணப்படுத்தாது. 2022இல் இந்த நோயால் உலகில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். வரும் இருபது ஆண்டுகளில் சாகப்போகிறவர்களை ஊசி மட்டும் காப்பாற்றாது.

சரி, பரிசோதனை என்றால் எது? கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு ஆய்வகமும், செல்களைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த நிபுணரும் வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும். முடிவு வருவதற்குள் அந்தப் பெண் கூலி வேலைக்கோ கைக்குழந்தைக்கோ திரும்பியிருப்பார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்ற சீட்டோடு அனுப்பப்படுபவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்கிறார்கள் என்று உங்கள் பதிவேடுகளையே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவில்தான் பெண்களை இழக்கிறோம்.

அந்த இடைவெளியை மூடும் வழிகள் கைவசம் இருக்கின்றன. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், மாறுதல் அடைந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். ஆனால் பார்க்கும் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும், மாதவிடாய் நின்ற பெண்களிடம் அவ்வளவாக உதவாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், வைரஸின் மரபணுவையே தேடிப் பார்க்கும் ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முன்னிறுத்துகிறது. 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். எச்ஐவி உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, இன்னும் குறைந்த இடைவெளியில் வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. மாதிரியை ஒரு சிறு பிரஷ்ஷால் பெண்ணே மறைவில் எடுத்துக் கொடுத்துவிடலாம். வெட்கத்தால் பரிசோதனை மேசைக்கு வராத எத்தனையோ பேருக்கு இது ஒன்றே வாசல். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2009இல் வெளியான முடிவு அது. இவ்வளவு காலம் தெரிந்தும் பரவலாக்காமல் இருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை.

புற்றுநோயாக மாறும் முன் கண்டுபிடித்த திட்டைக் கையடக்கமான, பேட்டரியில் இயங்கும் சூட்டுக் கருவியால் ஒரு நிமிடத்துக்குள் பொசுக்கிவிடலாம். உறைய வைத்து அழிக்கும் முறைக்கு வேண்டிய காஸ் சிலிண்டர் இதற்குத் தேவையில்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவையில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. திட்டு கருப்பை வாய்க்கு உள்ளே நீண்டிருந்தாலோ, புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தாலோ, மேல் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அப்போது போக்குவரத்துச் செலவைக் கொடுத்து, கூடவே ஓர் ஆளையும் அனுப்புங்கள். குணப்படுத்த முடியாத நிலையில் வருகிறவர்களுக்கு வலியைத் தணிக்கும் மார்ஃபினாவது கிடைக்கட்டும்.

ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி பல நாடுகளில் கிளம்பியிருக்கிறது. ஊசி வருவதற்கு முன்பே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பேசிவிடுங்கள், கேள்வி கேட்பவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்த இலக்கு 90-70-90: 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. நம் மாதாந்திர அறிக்கைகளில் முதல் எண் பளிச்சென்று நிற்கிறது, மூன்றாவதைத் தேட வேண்டியிருக்கிறது. அடுத்த படிவத்திலேயே ஒரு கட்டம் சேருங்கள்: பரிசோதனையில் மாறுதல் தெரிந்த பெண்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், எத்தனை நாளில். அந்த எண்ணை ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது டோஸில் மிச்சமாகும் பணம் சூட்டுக் கருவிகளுக்கும் பரிசோதனை கிட்களுக்கும் செவிலியர் பயிற்சிக்கும் போகும்படி இந்த பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பெண்களுக்காகக் கவலைப்படும் ஒருவர்