பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: முதல் உலகப் போர் பாடம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப் போர்தான். பள்ளி திறந்ததிலிருந்து அதை நானே எடுத்து வருகிறேன். சென்ற வாரப் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பேர் இதைப் பற்றிப் பேசினீர்கள். ஓர் அப்பா, "ஒரு எட்டு மார்க் கேள்விக்கு மூன்று வாரமா சார்?" என்று கேட்டார். ஓர் அம்மா, நச்சு வாயு பற்றிய பாடம் நடந்த அன்று மகள் இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று சொன்னார். கூட்டத்தில் நின்றபடி இரண்டுக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த அம்மா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் என் தவறு இருக்கிறது. அந்தப் பகுதியை வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எடுத்தேன். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே, ஜெர்மன் படை ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து 150 டன்னுக்கு மேல் குளோரின் வாயுவைக் காற்றில் விட்டது. எதிர்ப் பக்கப் பதுங்குகுழிகளில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்களிடம் முகமூடி கிடையாது. பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள், மற்றவர்கள் பதுங்குகுழியை விட்டு ஓடினார்கள். இதைச் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் அதை அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி இப்படிப்பட்ட பகுதிகளைக் காலையில் எடுப்பேன், அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் பேசிய பிறகே வகுப்பை முடிப்பேன். ஆனால் பாடத்திலிருந்து அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் சாப்பிடாமல் இருந்தது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவளுக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

அடுத்து, மூன்று வாரம் ஏன்?

ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும். 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி சேர்ந்த மூவர் கூட்டு. மறுபக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் 1907க்குள் ஒன்றோடொன்று செய்துகொண்ட உடன்பாடுகள். எல்லாமே பாதுகாப்புக்காகச் செய்தவை. பாதுகாப்புக்காகச் செய்ததே எப்படி எல்லோரையும் போருக்குள் இழுத்தது என்பதுதான் பிள்ளைகளுக்குப் புரியாத இடம். அதற்காக ஏழு மாணவர்களை விளையாட்டுத் திடலில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பெயர் கொடுத்து, யாருக்கு யாரோடு ஒப்பந்தமோ அவர்களுக்கிடையே கயிறு கட்டினோம். 1914 ஜூன் 28இல் போஸ்னியாவின் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28இல், அந்தக் கொலைக்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டி ஆஸ்திரியா அதன் மீது போர் அறிவித்தது. அங்கே முதல் கயிற்றை இழுக்கச் சொன்னேன். செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டுகிறது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3இல் பிரான்ஸ் மீதும் போர் அறிவிக்கிறது. 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, அன்றே பிரிட்டனும் இறங்குகிறது. ஒரே வாரம்தான். ஏழு பிள்ளைகளும் தள்ளாடிக்கொண்டிருந்தபோது பெல்ஜியமாக நின்ற பையன் கேட்டான்: "நான் யார் பக்கமும் சேரலையே சார், என்னை ஏன் இழுக்கிறாங்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு போனது. பாரிஸைச் சீக்கிரம் பிடித்துவிட்டு ரஷ்யப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். பிரெஞ்சு எல்லைக் கோட்டைகளைச் சுற்றிப் போக வசதியான வழி பெல்ஜியத்தின் ஊடாகத்தான் இருந்தது. அதன் நடுநிலையைக் காப்பதாக 1839இலேயே வல்லரசுகள் கையெழுத்துப் போட்டிருந்தன. வரைபடத்தைத் தரையில் விரித்து இதைக் காட்டினேன். நான் பார்த்த வகுப்புகளிலேயே பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்தது அன்றுதான்.

அந்தத் திட்டம் செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்தப்பட்டது. அப்புறம் இரண்டு பக்கமும் மண்ணைத் தோண்டி உட்கார்ந்துகொண்டன. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை பதுங்குகுழிகள். 1916இல் பிரான்சின் வெர்டனில் பத்து மாதம் சண்டை. அதே ஆண்டு ஜூலை 1இல் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை முன்னேறியது. அந்த ஒரே நாளில் அவர்கள் பக்கம் மட்டும் 19,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது யாரும் அசையவில்லை. நம் பள்ளியில் 600 பிள்ளைகள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோரும் வரிசையில் நின்றபோது, "இதைப் போல முப்பத்திரண்டு பள்ளி" என்றேன். பத்தாம் வகுப்பு வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

1917இல் எச்சரிக்கை இல்லாமல் வணிகக் கப்பல்களையும் மூழ்கடிக்கும் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கித் தாக்குதலை ஜெர்மனி மீண்டும் தொடங்க, அமெரிக்கா போருக்குள் வந்தது. ரஷ்யா புரட்சிக்குப் பின் விலகியது. 1918 மார்ச்சில் ஜெர்மனி கடைசியாக ஒருமுறை பாய்ந்து பார்த்தது. ஆகஸ்டிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணிக்குப் பிறகு, பிரான்சில் ஒரு ரயில் பெட்டியில் போர் நிறுத்தம் கையெழுத்தானது. பதினொரு மணிக்குத்தான் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்திலும் ஆட்கள் செத்தார்கள். இந்த ஒரு செய்தியை உங்கள் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோபமாகச் சொல்லியிருப்பார்கள்.

நம் நாட்டுப் பங்கை மட்டும் வேகமாகக் கடக்க நான் விரும்பவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்தப் போருக்காகக் கடல் கடந்து போனார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியவர்கள், சரியான குளிருடை இல்லாமல் பதுங்குகுழிக்குப் போனார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்த பிறகே அனுப்பினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இன்னொரு வீரர் எழுதிக்கொடுத்தார். பிரான்சின் நெவ் ஷபேல் நினைவிடத்தில், கல்லறை என்று ஒன்று தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி அடுத்த வாரம் முழுக்கப் பேசப்போகிறோம்.

போர் சென்னைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. "அவன் சரியான எம்டன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தக் கப்பலின் பெயரால்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது, எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவர்க் கல்வெட்டையும், தீவுத்திடல் பக்கத்திலுள்ள போர் நினைவுச்சின்னத்தையும் பார்க்க அழைத்துப் போகிறோம். காலை ஆறரைக்குப் பேருந்து பள்ளி வாசலிலிருந்து புறப்படும். மாலை ஐந்துக்குத் திரும்பிவிடுவோம். பேருந்துச் செலவைப் பள்ளியே ஏற்கிறது. மதியச் சாப்பாடும் தண்ணீரும் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பதக்கம், படைத்துறைக் கடிதம், பென்சன் தாள் இருந்தால் அதன் புகைப்படத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அசல் வேண்டாம், அது வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். பாடத்தில் ஏதாவது பகுதி உங்கள் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்தால், கூட்டம் வரை காத்திருக்காமல் என்னை வந்து பாருங்கள். தினமும் மாலை நான்கரை வரை அறையில்தான் இருப்பேன்.

இணைத்துள்ள ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்