மஞ்சள் தர்பூசணி போலி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 கோடையில் 'ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள்' என்ற பேச்சு பரவி, தர்பூசணி அடிமாட்டு விலைக்குப் போனது. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் பழம் வயலிலேயே கிடந்தது. அந்தப் பயம் இன்னும் முழுதாக விடவில்லை. அறுத்த பழம் நல்ல சிவப்பாக இருந்தால் சாயம், மஞ்சளாக இருந்தால் கலப்படம், வெளிறியிருந்தால் காய் என்று வண்டிக்கடைகளில் வாக்குவாதம் நடக்கிறது.

தர்பூசணியின் சிவப்பு, தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன் என்ற இயற்கை நிறமி. ரகத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். மஞ்சள் சதை ரகங்களில் அது பெயருக்குத்தான் இருக்கும். நிறம் தருவது கரோட்டினாய்டு எனும் அதே நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில. கேரள வேளாண் பல்கலைக்கழகம் விதையில்லாத் தர்பூசணியில் சிவப்புக்கு 'சோனிமா', மஞ்சளுக்கு 'ஸ்வர்ணா' என்று இரண்டு ரகங்களைத் தந்திருக்கிறது. கிர்ணிப்பழத்திலும் இதே கதைதான். பூசா சர்பதி ஆரஞ்சு, அர்கா ஜீத் வெள்ளை, ஹரா மது இளம்பச்சை. பச்சையாக இருக்கிறதே என்று ஹரா மதுவை ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான், அப்படி இனிக்கும். மஞ்சள் ரகம் விற்பவர்கள் ஒரு பழத்தை அறுத்து முன்னால் வைத்து, ரகத்தின் பெயரை அட்டையில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சந்தேகம் தீராதவர்கள் ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். லைகோபீன் தண்ணீரில் கரையாது. சதைத் துணுக்குகள் அடியில் தங்க, மேலே தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக நிற்கும். சாயமாக இருந்தால் டம்ளர் முழுக்க ஒரே சீராகப் பரவும். டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். சாறோடு துணுக்கும் ஒட்டிக்கொள்வதால் நல்ல பழத்திலும் தாள் லேசாகச் சிவக்கும். நடுவில் வெடித்துப் பொந்து விழுந்திருப்பதும் மருந்தின் வேலை அல்ல. பூவில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததே பெரும்பாலும் காரணம். தாராளமாகச் சாப்பிடலாம். கசந்தால் மட்டும் துப்பிவிடுங்கள்.

பழுத்ததா என்பதை நிறத்தை விடத் தோல்தான் சரியாகச் சொல்லும். தர்பூசணியைப் புரட்டி, தரையில் படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். அது வெள்ளையாக இருந்தால் இளசு, வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் முற்றியது. தட்டினால் 'டங்' என்றால் காய், 'தொப்' என்றால் பழம். செடியிலிருந்து அறுத்தபின் தர்பூசணி பழுக்காது, இனிப்பும் ஏறாது. கிர்ணி வீட்டில் மணம் கூடும், இளகும்; ஆனால் அதிலும் சர்க்கரை கூடாது. காம்பு இருந்த இடம் வட்டமாகக் குழிந்து, முகர்ந்தால் மணக்கும் பழமாகவே வாங்க வேண்டும்.

முழுத் தர்பூசணியை ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழும், சதையும் வெளிறும். வெளியே நிழலில் வைப்பதே நல்லது. ஆனால் மாம்பழம், வாழைப்பழம், கிர்ணி பக்கத்தில் வேண்டாம். அவை விடும், பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு பட்டால் தர்பூசணிச் சதை தண்ணீர் கோத்துக் கொழகொழத்துவிடும். கிர்ணியின் வலைத்தோலில் மண்ணும் கிருமியும் தங்கும் என்பதால் தேய்த்துக் கழுவிய பிறகே கத்தி வையுங்கள். அறுத்த எந்தப் பழத்தையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும்.

கிர்ணியைப் பாலில் அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். பழத்தில் இருக்கும் நொதி பாலின் புரதத்தை உடைப்பதால், வைக்க வைக்கக் கசப்பேறும். கடை ஜூஸ் கசந்தால் பழத்தைத் திட்டுகிறோம். காலையிலேயே அடித்து வைத்தது அது.

இத்தனை நிறத்துக்கு நடுவே நாட்டு வெள்ளரிப்பழத்தை மறந்துவிடுகிறார்கள். பழுத்ததும் தானே வெடித்து, உள்ளே மாவு மாவாக வெளிறிய சதையோடு இருக்கும். தனியே தின்றால் சப்பென்றிருக்கும். விதையை வழித்துவிட்டு, நாட்டுச்சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் தூவி, பத்து நிமிடம் ஊறவிட்டால் சர்க்கரை கரைந்து பாகு போல் இறங்கும். வெடிப்பு குறைவாக, ஈ மொய்க்காத பழமாகப் பார்த்துக் காலையில் வாங்கி, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திண்டிவனம்