குழி தோண்டியவன் எழுதுவது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டில் பகல் எது இரவு எது என்றே தெரியவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு மட்டும் என்னுடையது, பாவம்.

பையன்கள் ஹாக்கி பழகுகிற மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு நம் பள்ளி மைதானம்தான் நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர்ந்த அபூர்வப் பிறவிகளில் நான் ஒருவன். கிரிக்கெட் ஸ்டம்பு நடுவதற்குக் கடப்பாரையால் கரிசலைக் குத்திக் குழி போட்டதும் நானேதான். மறுநாள் காலை நீங்கள் ஹாக்கி ஆடும்போது அந்தக் குழியில் பட்ட பந்து எகிறி உன் முன்பல்லைப் பதம்பார்த்தது. “யார் தோண்டினது?” என்று பி.டி. வாத்தியார் கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றேன். உனக்குத் தெரியும், ஆனாலும் நீ சொல்லவில்லை.

2018-இல் இங்கே கொச்சியில் கலூர் ஸ்டேடியத்தை வைத்து நடந்த சண்டையில் நான் கால்பந்துக்காரர்கள் பக்கம் நின்றதற்கு அந்தப் பல்லும் ஒரு காரணம். நாம் இரண்டு பேரும் 1998 ஏப்ரல் 1 அன்று வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதே ஸ்டேடியம். அஜய் ஜடேஜா சதம் அடித்தார். இந்தியா 309. ஆஸ்திரேலியா நிதானமாகத் துரத்திக்கொண்டிருந்தபோது சச்சின் பந்தை வாங்கி ஸ்டீவ் வா, பெவன் என்று ஐந்து பேரை அனுப்பிவைத்தார். ஊரில் போய்ச் சொன்னால் ஏப்ரல் ஃபூல் என்பார்கள் என்று நீ சொன்னாய். 2005-இல் பாகிஸ்தானுக்கு எதிராகவும் அதே மைதானத்தில் சச்சின் ஐந்து விக்கெட் எடுத்தார்.

2014 அக்டோபரில் வெஸ்ட் இண்டீசுடன் ஒரு போட்டி. அங்கே நடந்த கடைசி சர்வதேச கிரிக்கெட் அதுதான். அதே மாதம் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் தொடங்கியது, கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வந்தது, ஸ்டேடியம் அவர்களுடைய மஞ்சள் நிறமாகிவிட்டது. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பைக்காகப் புல்தரையை ஃபிஃபா தரத்துக்குப் புதிதாகப் போட்டார்கள். பிரேசிலும் ஸ்பெயினும் ஆடிய தரை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2018 நவம்பரில் ஒருநாள் போட்டி நடத்த வேண்டும், நடுவில் பிட்ச் போட வேண்டும் என்று கிரிக்கெட் சங்கம் வந்து நின்றது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், “ஒரு மேட்ச் ஆடிவிட்டு மூடிவிட்டால் என்ன?” என்றார்கள். உனக்கு விளக்க வேண்டியதில்லை. கால்பந்துத் தரைக்கு அடியில் மணல் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்கிவிட வேண்டும், ஓடுகிறவன் கால் மெத்தென்று பதிய வேண்டும். பிட்சுக்கோ 22 கஜம் களிமண் கொட்டி, ரோலர் உருட்டி உருட்டிக் கருங்கல் மாதிரி இறுக்க வேண்டும். அப்புறம் அதைப் பெயர்த்தெடுத்துப் புல் வைத்தாலும் வேர் பிடிக்கும்வரை அந்த இடம் ஒட்டுப்போட்ட சட்டைதான். வேகமாக ஓடி வருகிறவனின் முழங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கால்பந்து வீரர்கள் சுனில் சேத்ரி, சி.கே. வினீத் எல்லாம் எதிர்த்தார்கள். தரையைக் கெடுக்காதீர்கள் என்று சச்சினும் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அப்போது அவர் பிளாஸ்டர்ஸின் இணை உரிமையாளர், அதனால் அதைப் பெரிய தியாகமாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் இரண்டு முறை ஐந்து விக்கெட் எடுத்தவரே இங்கே கிரிக்கெட் வேண்டாம் என்றது சண்டைக்கு வேறு கனத்தைக் கொடுத்தது. கடைசியில் போட்டி திருவனந்தபுரம் காரியவட்டம் ஸ்டேடியத்துக்குப் போனது. நவம்பர் 1 அன்று வெஸ்ட் இண்டீஸ் 104 ரன்னில் சுருண்டது. விளக்குப் போடுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

நாங்கள் ஜெயித்ததாகக் கொண்டாடினோம். யோசித்துப் பார்த்தால் காரியவட்டமும் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது. 2016 ஜனவரியில் தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டியில் இந்தியா ஆப்கானிஸ்தானை வென்றது அங்கேதான். இப்போது அதற்கு நடுவில் பிட்ச். கலூரில் தப்பிய குழி இருநூறு கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது, அவ்வளவுதான். அங்கே குரல் கொடுக்கப் பெரிய கிளப்பும் இல்லை, சச்சினும் இல்லை.

கலூர் மட்டும் பத்திரமாக இருக்கிறதா? 2024 டிசம்பர் கடைசியில் அங்கே பிரமாண்டமான நடன நிகழ்ச்சிக்கு விட்டார்கள். மேடையிலிருந்து விழுந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமசுக்குப் பலத்த காயம். தரை கெட்டுப்போனது என்று பிளாஸ்டர்ஸ் புலம்பியது அந்தச் செய்தியில் அடங்கிவிட்டது. நியாயம்தான், உயிர்தானே முதலில். ஆனால் அன்று யோசித்தேன்: கிரிக்கெட்காரனும் கால்பந்துக்காரனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். சாவியோ இருவரிடமும் இல்லை. இடம் நகர வளர்ச்சிக் குழுமத்தினுடையது. காலி மைதானம் அவர்கள் கண்ணுக்கு வாடகை வராத மண்டபமாகத்தான் தெரியும்.

ஹாக்கிக்குச் செயற்கைத் தரை வந்ததில் ஏழைப் பையன்களுக்கு இழப்பு அதிகம் என்று நீ எப்போதும் சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை மாதிரி ஒருவன் கடப்பாரையோடு வந்து அதில் ஸ்டம்பு நட முடியாது பார். உன் மண் மைதானத்துக்குத்தான் அந்தக் காவல் இல்லை.

எனவே பொருட்காட்சியை நிறுத்த முடியாவிட்டால், ஒன்று செய். ராட்டினம், கூடாரம் எல்லாம் தொடுகோட்டுக்கு வெளியே என்று எழுதி வாங்கு. குழியை மூடித் தண்ணீர் விட்டு ரோலர் போட்டுத் தருவதற்கு முன்பணம் கேள். ஆரம்பிக்கும் முன் மைதானத்தைக் கோடு கோடாகப் போட்டோ எடுத்து வை. மனு எழுத வேண்டுமானால் விவரம் அனுப்பு, நான் எழுதித் தருகிறேன். அந்தப் பல்லுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அம்மாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குக் கடிக்க முடியாவிட்டால் நீ தின்றுவிடாதே, உனக்கு சர்க்கரை.

அன்புடன்,
உன் சங்கரன்