புகார்: ஆர்டர் செய்தது ஒரு டிரம் ஹெட், வந்தது வேறு – மாற்றித் தரக் கோரி

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்கள் சொந்த பிராண்டில் விற்கும் டிரம் ஹெட் (டிரம்மின் மேலும் கீழும் இழுத்துப் பொருத்தும் படலம்) செட் ஒன்றை உங்கள் தளத்தில் வாங்கினோம். 12 இன்ச் டாம், 16 இன்ச் ஃப்ளோர் டாம், 14 இன்ச் ஸ்னேர் (அடியில் கம்பிச் சரம் அதிரும் டிரம்) மூன்றுக்கும் மேலும் கீழுமாக ஆறு ஹெட். மேல் ஹெட் மூன்றும் கோட்டட் (சொரசொரப்பான பூச்சுள்ளது), சிங்கிள் ப்ளை (ஒற்றைப் படலம்), 10 மில் தடிமன் (ஒரு மில் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டாம்களின் கீழ் ஹெட் கிளியர் (பூச்சில்லாதது). ஸ்னேரின் கீழ் ஹெட் 3 மில். பில்லிலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆறில் சரியாக வந்தவை இரண்டே இரண்டு.

முதலில் டாம்களின் மேல் ஹெட் இரண்டும். கோட்டட் சிங்கிள் ப்ளைக்குப் பதிலாக ஆயில் ஹெட் வந்திருக்கிறது. இரண்டு படலம், நடுவே எண்ணெய். கட்டைவிரலால் அழுத்தினால் எண்ணெய்க் கோலம் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. பிழையைச் சொன்னதும், "போட்டுப் பாருங்க, ட்யூனிங்ல சரியாயிடும்" என்றார் உங்கள் ஊழியர். அவர் சொல்லைக் கேட்டு 12 இன்ச்சை மட்டும் பொருத்தினோம். ட்யூனிங்கால் ஏறி இறங்குவது சுருதி. படலத்தை அதிரவிடாமல் பிடிக்கும் எண்ணெயை எந்த ட்யூனிங் கீயாலும் திருகி எடுக்க முடியாது. தளர்த்தினால் "தொப்" என்று விழுகிறது. இறுக்கினால் அதே "தொப்" கொஞ்சம் மேல் சுருதியில் விழுகிறது. ஓங்கி அடிப்பவருக்கும், ஒவ்வொரு டாமுக்கும் மைக் வைக்கும் மேடைக்கும் ஆயில் ஹெட் நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்லவில்லை. எங்களுடையது டாம்களுக்கு மைக் இல்லாத சிறிய கூடம். சஸ்டெயின் (அடித்தபின் நீளும் ஒலி) இல்லாத டாம் அங்கே மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மெலடிப் பாட்டுக்குக் குச்சியை விட்டுக் கம்பிப் பிரஷ் வேறு எடுக்கிறோம். பிரஷ்ஷின் "ஸ்ஸ்" கோட்டிங்கின் சொரசொரப்பில் உரசி வருவது. வழுவழுப்பான கிளியர் ஹெட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

சத்தம் அடைக்கிறது என்று மறுபடி அழைத்தபோது ஜெல் ஒட்டச் சொன்னார். ஜெல் ஓவர்டோனை (அடியோடு சேர்ந்து ரீங்கரிக்கும் உபஒலிகளை) அடக்குவதற்கு. உப்புக் கரிக்கிற குழம்பில் இன்னொரு கரண்டி உப்பா?

இதைவிடப் பெரிய பிழை ஸ்னேரின் கீழ் ஹெட். ஸ்டிக்கரில் "14 இன்ச் கிளியர்" என்று மட்டும் இருக்கிறது. ஸ்க்ரூ கேஜில் அளந்தால் 0.25 மி.மீ., அதாவது 10 மில். 3 மில் என்றால் 0.08 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்று மடங்குக்கும் மேல் தடிமன். மேலே மெதுவாகத் தட்டும்போது உள்ளே தள்ளப்படும் காற்று சொற்பம். அதற்கே துள்ளி ஸ்னேர் வயரை உதறவைக்கத்தான் கீழ் ஹெட் அத்தனை மெல்லிசாக இருக்கிறது. 10 மில் போட்டால் ஓங்கி அடித்தால்தான் வயர் பேசும். மென்மையான அடிகளில் ஸ்னேர் டாம் மாதிரி ஒலிக்கும். வயரை இறுக்கிச் சரிசெய்யப் போனால் ஒலியே நெரிபடும். (மாறி அனுப்பியது இந்தத் திசையில் என்பதில் ஓர் ஆறுதல். 3 மில் ஹெட்டை மேலே மாட்டியிருந்தால் சில அடிகளிலேயே கிழிந்திருக்கும்.) இதைப் பொருத்தவே இல்லை. பிளாஸ்டிக் உறையில் அப்படியே இருக்கிறது.

16 இன்ச்சின் கீழ் ஹெட் வகையில் சரி, தயாரிப்பில் பிழை. எட்டு லக்கையும் (ஹெட்டை இறுக்கும் திருகுகள்) விரலால் இறுக்கி, பிறகு எதிரெதிராக அரைச் சுற்று வீதம் கீயால் திருப்பினோம், டிரில் பயன்படுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் இரண்டு லக்குகளுக்கு இடையே படலம் அலுமினிய வளையத்தை விட்டு 2 மி.மீ. வெளியே வந்துவிட்டது. புது ஹெட்டில் பசை "படபட"வென்று சத்தம் போடுவது வழக்கம், அது எங்களுக்கும் தெரியும். படலம் நழுவுவது வழக்கமல்ல. அந்த இடத்துச் சுருக்கம் எவ்வளவு இறுக்கியும் போகவில்லை.

"பொருத்திய ஹெட்டைத் திரும்பப் பெறுவதில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். மனம் மாறித் திருப்புகிறவருக்கு அந்த விதி பொருந்தலாம். தவறான பொருளுக்குப் பொருந்தாது. அதிலும், பொருத்தச் சொன்னதே நீங்கள்.

எங்களுக்கு வேண்டியவை: 12, 16 இன்ச் கோட்டட் சிங்கிள் ப்ளை 10 மில் தலா ஒன்று (ரெமோ அம்பாசடர், எவன்ஸ் ஜி1 ஆகியவற்றுக்கு நிகரான வகை), 14 இன்ச் ஸ்னேர் சைட் 3 மில் ஒன்று, 16 இன்ச் கிளியர் கீழ் ஹெட் ஒன்று. திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. கையிருப்பு இல்லையென்றால் நான்கின் விலையையும் திருப்பித் தாருங்கள். கூப்பனோ வாலட் பணமோ வேண்டாம். ஸ்டிக்கரில் எத்தனை ப்ளை, எத்தனை மில், மேலா கீழா என்று அச்சிட்டுவிட்டால் உங்கள் கிடங்கில் எடுத்துக் கொடுப்பவரும் குழம்பமாட்டார்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவர் நீங்கள். தவறினால் 1915 உதவி எண்ணிலும் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் செய்த அன்றைய விற்பனைப் பக்கத்தின் படம், ஸ்க்ரூ கேஜ் அளவு தெரியும் படம், 16 இன்ச் வளையத்தில் படலம் நழுவிய இடத்தின் படம்