கேட்பதற்கு ஒரு ஆள்

சூலூர்,
மார்கழி 10

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். ஒரு மாசம் அடுப்புப் பக்கம் போக விடாதே, நீயே ரசம் வை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாயிற்று. கிணற்றில் தண்ணி நிற்கிறது.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, "ஓட்டு வாங்கிட்டு டெல்லி போறவனுக்குப் பட்டாளத்தப் பத்தி என்னடா தெரியும், அவன் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று. அதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவில் படிக்கிற பேரன் ஹொனலுலு ஏர்போர்ட்டில் நின்று ஒரு போட்டோ அனுப்பினான். போர்டில் டேனியல் கே. இனோயே என்று பேர். "யார் தாத்தா இவரு?" என்று கேட்டிருந்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் உறுப்பினராக இருந்தவர். ஒரு வாரமாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானில் தங்கள் வீட்டில் பிடித்த தீ அக்கம்பக்கத்து வீடுகளையும் எரித்துவிட, அந்தக் கடனை அடைக்கக் கரும்புத் தோட்டக் கூலியாக ஹவாய்க்குப் பிழைக்க வந்த குடும்பம். அந்தக் குடும்பத்துப் பேரன்தான் இனோயே. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டான். 1941 டிசம்பர் 7-ல் ஹவாயில் இருக்கும் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டபோது அவனுக்கு 17 வயது, அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஓடினான். ஆனால் முகம் ஜப்பான் முகம், நாடு அவனை எதிரியாகப் பார்த்தது. 1943-ல்தான் அவன் மாதிரிப் பையன்களைப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். படிப்பை விட்டுவிட்டு 442-வது ரெஜிமென்ட்டில் சேர்ந்தான்.

1945 ஏப்ரல் 21, இத்தாலியில் ஒரு மலைச்சரிவு. வயிற்றில் ஏற்கெனவே குண்டு பாய்ந்திருந்தது. வலது கையில் பின் பிடுங்கிய கையெறி குண்டோடு வீசப்போன நொடியில் எதிரி சுட்ட குண்டு முழங்கையைப் பிய்த்துவிட்டது. கை தொங்குகிறது, ஆனால் விரல்கள் குண்டை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கின்றன. உதவிக்கு ஓடிவந்த ஆட்களைக் கிட்ட வராதே என்று கத்திவிட்டு, உயிரில்லாத அந்தக் கையிலிருந்து இடது கையால் குண்டைப் பிடுங்கி வீசியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மாப்ளே. கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் திரும்ப எடுத்தேன்.

அவர் கிடந்த மிச்சிகன் ஆஸ்பத்திரியில்தான் பாப் டோலும் பிலிப் ஹார்ட்டும் கிடந்தார்கள். மூன்று பேரும் பின்னால் செனட்டர்கள் ஆனார்கள், அந்தக் கட்டடத்துக்கே இன்று மூவர் பேரும் வைத்திருக்கிறார்கள். 1959-ல் ஹவாய் மாநிலமானதும் அதன் முதல் பிரதிநிதியாக இவர் வாஷிங்டன் போனார். சபாநாயகர் வழக்கம்போல "வலது கையை உயர்த்தி என் பின்னால் சொல்லுங்கள்" என்றார். உயர்ந்தது இடது கை. சபையே அடங்கிப்போனதாம்.

1963 முதல் 2012 டிசம்பரில் சாகும்வரை செனட்டர். கிட்டத்தட்ட 50 வருஷம். அதில் நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. 1975-ல் சி.ஐ.ஏ. வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் திட்டம் போட்டதும், சொந்த ஜனங்களின் தபாலைப் பிரித்துப் படித்ததும் செனட் விசாரணையில் வெளியே வந்தது. அடுத்த வருஷம் உளவுத்துறையைக் கண்காணிக்க நிரந்தரக் குழு அமைத்தபோது முதல் தலைவராக இவரைத்தான் உட்கார வைத்தார்கள். ரகசியத்தைக் காப்பாற்றவும் வேண்டும், ரகசியம் என்ற பேரில் நடக்கும் அக்கிரமத்தை விடவும் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்வது சுலபமில்லை. பிறகு அமெரிக்க அதிகாரிகளே ஈரானுக்கு ஆயுதம் விற்ற காசை நிகராகுவாக் கலகக்காரர்களுக்குத் திருப்பிய விவகாரம் 1986 கடைசியில் வெளியே வந்தது. 1987-ல் அதை விசாரித்த செனட் குழுவுக்கும் இவரே தலைவர். தனக்கென்று விமானப்படை, கப்பற்படை, பணம் திரட்டும் வழி எல்லாம் வைத்துக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரு நிழல் அரசாங்கம் நடக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மெடல் போட்ட அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருக்க, இதைச் சொல்லும் தகுதி அந்தக் காலிச் சட்டைக் கைக்கு இருந்தது.

குறையும் உண்டு. ராணுவ நிதி ஒதுக்கும் துணைக்குழுவில் 20 வருஷத்துக்கு மேல் முன்னிருக்கையில் இருந்து, ஹவாய்க்குக் கொட்டோ கொட்டென்று பணம் கொண்டுபோனார் என்று திட்டினார்கள். திட்டியதில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கப்பற்படை பல வருஷம் குண்டு போட்டுப் பழகிய கஹோலவே தீவை ஹவாய்க்காரர்களுக்குத் திரும்ப வாங்கித் தந்ததில் அவர் பங்கு பெரிது. 2002-ல் ஈராக் போருக்கு எதிராக ஓட்டுப்போட்ட 23 செனட்டர்களில் அவரும் ஒருவர். போர் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்.

நம்ம ஊர்க் கதையை எடுத்துக்கொள். கீழ்பவானி வாய்க்காலுக்காக ஈரோட்டு எம்.எல்.ஏ. ஈஸ்வரன் விடாமல் நின்ற கதையை உன் அப்பாதானே நமக்குச் சொன்னார்? ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் வாய்க்காலில் தண்ணி வரும். நம் நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்கு 1993-லிருந்து ஒரு நிலைக்குழு இருக்கிறது, இப்போது 31 பேர். ஆனால் அதை வருஷா வருஷம் திரும்ப அமைக்கிறார்கள். விஷயம் புரிந்து கேள்வி கூர்மையாகும்போது ஆள் மாறிவிடலாம். ஐ.பி., ரா என்ற நம் உளவு அமைப்புகள் இரண்டையும் கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு குழுவும் கிடையாது. 2011-ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது அப்படியே போயிற்று.

2021 டிசம்பர் 8 உனக்கும் மறந்திருக்காது. பகல் 11:48-க்கு முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு இங்கே சூலூரிலிருந்து கிளம்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன் போய்ச் சேரவில்லை. மறுநாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஆம்புலன்ஸ்கள் வந்தபோது ஜனங்கள் பூ வீசினார்கள். நானும் ஒரு முழம் செவ்வந்தியோடு நின்றேன். இனோயேயின் பேர் வைத்த போர்க்கப்பலைப் பேர்ல் ஹார்பரில் படையில் சேர்த்ததும் அதே டிசம்பர் 8 என்று இப்போது படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

விபத்துக்கு என்ன காரணம்? 2024 டிசம்பரில் அந்த நிலைக்குழு வைத்த அறிக்கையில், ஐந்து வருஷத்து 34 விமானப்படை விபத்துகளின் பட்டியலில் ஒரு வரி: மனிதத் தவறு. அவர்கள் கேட்டதால் அந்த ஒரு வரி நாடாளுமன்ற அறிக்கையில் எழுத்தில் ஏறியது. அதனால்தான் கேட்டு என்ன ஆகப்போகுது என்கிற உன் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் எனக்கு அந்த ஒரு வரி போதாது. ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டினால்கூட விமானத்தின் பராமரிப்பு நோட்டான ஃபார்ம் 700-ல் என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே நான் 20 வருஷம் வேலை பார்த்தேன்? மனிதத் தவறு என்று எழுதிவிட்டு நோட்டை மூட எங்களை விட்டதே இல்லை. அந்த மனிதனை அந்தத் தவறு வரை கொண்டுபோனது என்ன என்று கேட்பார்கள். அடுத்த விமானம் பத்திரமாக இறங்க அதுதான் வழி.

அதைக் கேட்டு நம்ம எம்.பி.க்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என் தமிழ் உனக்குத் தெரியும். பொங்கல் நோம்பிக்குத் தங்கச்சியோடு வந்து இரண்டு நாள் தங்கு. சிவப்பு மை பேனாவை எடுத்து வா, திருத்திக் கொடு. பூப்பறிக்கிற நோம்பி முடிந்ததும் தபாலில் போட்டுவிடலாம்.

உன் மச்சான்