எழும்பூர் கிர்க்கை நகல் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய கட்டிடங்களைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதினாலும், எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக நிற்கிற புனித ஆண்ட்ரூ ஆலயத்துக்கு, அதாவது எல்லோரும் கிர்க் என்று சொல்கிற அந்த வெள்ளை தேவாலயத்துக்கு, ஒரே ஒரு வரிதான் கிடைக்கிறது: லண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைப் பார்த்துக் கட்டியது. உங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. அந்த வரி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கட்டிடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவதே இல்லை.

வாசலைப் பொறுத்தவரை சரிதான். லண்டன் ஆலயத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ், ஸ்காட்லாந்தில் பிறந்து ரோமில் தொழில் கற்றவர். 1726-ல் அது முடிந்தது. ரோமானியக் கோயில் போல முன்னால் ஆறு பெரிய தூண்கள், தூண்களுக்கு மேல் முக்கோண முகப்பு, அதற்குப் பின்னால் கூரையைப் பிளந்துகொண்டு கிளம்புகிற மாதிரி ஒரு கூர்கோபுரம். பழைய ரோமானியர்கள் கோயில் தலையில் இப்படியெல்லாம் கோபுரம் வைத்தவர்கள் இல்லை. ஆனால் பங்கு மக்களுக்கு மணி தொங்கவும் தூரத்திலிருந்து அடையாளம் தெரியவும் கோபுரம் வேண்டும், ரோமானிய அழகை விடவும் மனமில்லை, அதனால் கிப்ஸ் இரண்டையும் சேர்த்துவிட்டார். கோபுரம் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று குறை சொல்பவர்கள் அன்றிலிருந்து இருக்கிறார்கள். எனக்கும் பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் குறை நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு அது தோன்றாது. (வேடிக்கை என்னவென்றால் கிப்ஸ் காலத்தில் தள்ளி நின்று பார்க்க அங்கே இடமே இல்லை. டிரஃபால்கர் சதுக்கம் வந்து முகப்பு திறந்துகொண்டது அவர் போய்ப் பல காலம் கழித்துத்தான்.)

1728-ல் கிப்ஸ் தன் வரைபடங்களைத் தொகுத்து அச்சிட்டு வெளியிட்டார். அது கப்பலேறிப் போன இடமெல்லாம், அமெரிக்காவில் தொடங்கி இந்தியா வரைக்கும், தூண் முகப்பும் கூர்கோபுரமுமாக தேவாலயங்கள் முளைத்தன. நம் கிர்க்கின் முகப்பும் அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆனால் யாரும் எழுதாத சங்கதியும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. கிப்ஸ் முதலில் லண்டனுக்குக் கொடுத்த திட்டம் இப்போது நிற்கிற நீள்சதுர ஆலயம் இல்லை, வட்டமான ஆலயம். செலவு அதிகம் என்று பொறுப்பில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள், அவரும் நீள்சதுரமாக மாற்றிக் கொடுத்தார். ஆனால் மனுஷன் அதை மறக்கவில்லை போல, தள்ளிவிட்ட வட்டத் திட்டத்தையும் தொகுப்பில் சேர்த்தே அச்சிட்டுவிட்டார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து மதராஸ் ராணுவப் பொறியாளர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட் கிர்க்கைக் கட்ட வந்தபோது, 1818-ல் அடிக்கல் போட்டு 1821-ல் திறந்த இந்த ஆலயத்துக்கு, அந்த வட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டார். லண்டனில் எழும்பாதது எழும்பூரில் எழும்பியது. இதைப் போய் லண்டன் ஆலயத்தின் நகல் என்று சொன்னால் எப்படி?

வட்டம் இங்கே பொருந்தியதற்குக் காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தை 1813-ல் புதுப்பித்தபோது ஸ்காட்லாந்து சபையின் போதகர்களுக்கும் மாகாணத் தலைநகரங்களில் இடம் கிடைத்தது, அப்புறம்தான் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றிலும் புனித ஆண்ட்ரூ பெயரில் ஆலயங்கள் வந்தன. அந்தச் சபையில் பவனியும் பலிபீடச் சடங்குகளும் பெரிதில்லை, பிரசங்கம்தான் பெரிது. நீளமான தேவாலய மண்டபத்தில் கடைசி வரிசைக்காரன் முன்னால் இருப்பவர்களின் முதுகையும் தூணையும்தான் பார்த்துக்கொண்டிருப்பான். வட்டத்தில் எல்லோரும் கிட்ட வந்துவிடுகிறார்கள்.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும், தலையைத் தூக்காமல் இருக்க முடியாது. குழிவரி போட்ட, உச்சியில் இலை வேலைப்பாடுள்ள 16 கொரிந்தியத் தூண்கள் வட்டமாக நின்று 50 அடிக்கு மேல் அகலமான ஒரு குவிமாடத்தைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் உட்புறம் முழுக்க ஆழ்ந்த நீலம், அதில் பொன்நிற நட்சத்திரங்கள். வெளியே அவ்வளவு கண்டிப்பான வெள்ளை, உள்ளே இப்படி ஒரு வானம். முகப்பை மட்டும் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கட்டிய விதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது லண்டனில் யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாத வேலை. நிலம் ஈரம், மண் நம்பத் தகுந்ததில்லை. சாதாரண அஸ்திவாரம் போட்டிருந்தால் அந்தக் கோபுரத்தின் பாரத்துக்கு ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதனால் கிணறு இறக்குகிற நம் ஊர் முறையிலேயே வட்டச் சுவர்களை மண்ணுக்குள் இறக்கி, அப்படி 150 கிணறுகளின் மேல் ஆலயத்தை உட்கார வைத்தார்கள். கரையான் பயத்தில் கூரைக்கு மரமே வைக்கவில்லை, மரச்சட்டம் இல்லாத கட்டுமானக் குவிமாடம் அது. டி ஹாவிலாண்டுக்கு இந்த மாதிரி சவால்கள் பிடிக்கும் போல. இதற்குச் சில வருஷம் முன்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், தட்டையாக, நீளமாக ஒரு செங்கல் வளைவைக் கட்டி, நிற்காது என்றவர்களுக்கு நிற்கும் என்று காட்டியவர். அது நூறு வருஷத்துக்கும் மேல் நின்றது.

பளிங்கு மாதிரி மின்னுகிற அந்த வெள்ளைக்கும் ஐரோப்பியக் கல் காரணம் இல்லை. மெட்ராஸ் சுண்ணாம்பு என்று ஒரு காலத்தில் பெயர் பெற்ற பூச்சு, சிப்பிச் சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேர்த்துக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. சுண்ணாம்பு அரைத்த கைகளையும் கிணறு இறக்கிய கைகளையும் கணக்கில் எடுத்தால் இந்தக் கட்டிடத்தை இங்கிலாந்துக் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இதோடு ஒரு விஷயம், பழைய கட்டிடங்களைப் பராமரிப்பவர்கள் கவனத்துக்கு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லைத் தின்றுவிடும். வேறொரு பழைய கட்டிடத்தில் ‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் இந்த வேலை நடந்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உரிந்ததைப் பார்த்த எரிச்சலில் எழுதுகிறேன்.

அடுத்த முறை கிர்க்கைப் பற்றிச் செய்தி போடும்போது புகைப்படக்காரரை உள்ளே அனுப்புங்கள், குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று ஒரு படம் எடுக்கட்டும். படத்துக்குக் கீழே டி ஹாவிலாண்ட் பெயரும் அந்த 150 கிணறுகளும் வந்தால் போதும், லண்டனுக்கு அரை வரி ஒதுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்